சுவர் நிற்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்: வெள்ள நிவாரணம் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை கரை புரண்டு ஓடி நாலு நாள்கூட ஆகவில்லை. விழுப்புரம் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, எங்க வீடு தப்பிச்சிடுச்சு. சுவரெல்லாம் அப்படியே நிக்குது. ஆபீஸ்ல இருந்து வந்து எழுதிட்டும் போயிட்டாங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சரியாக ஒரு வருஷம் முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அன்றைக்கு அவளிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆதார் நகல் வேண்டும், ரேஷன் அட்டை வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்குள் போகவில்லை.

'பகுதி சேதம்' என்று எழுதவிடுவது

எங்கள் ஊர் தாமிரபரணியின் கடைமடை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஆறு, குளம், வாய்க்கால் எல்லாம் ஒன்றாகிப் போய், எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. தாத்தா காலத்து வீடு. மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு.

தண்ணீர் வடிந்து இரண்டாம் நாள் கணக்கெடுக்க வந்தார்கள். வாசலில் நின்றே, "செவரு நிக்குதுல்லா?" என்று கேட்டார் வந்தவர். "நிக்குது சார்" என்றேன். பக்கத்துத் தெருவில் வீடே இல்லாமல் நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நம் வீடு நிற்கிறதே, அதுவே போதும் என்ற மனநிலை. நோட்டில் 'ஓட்டு வீடு, பகுதி சேதம்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் வெயில் ஏறியது. சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்றது. ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு வெடிப்பு கிளம்பி, வாரத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது. ஒருநாள் விடியற்காலை மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உத்திரமும் ஓடும் அதன் மேலேயே விழுந்தன. நாங்கள் திண்ணைப் பக்கம் படுத்திருந்ததால் பிழைத்தோம்.

மண் சுவர் வெள்ளத்தில் மட்டுமல்ல, வெள்ளம் வடிந்து காயும்போதும் விழும். தண்ணீர் நிற்கும்போது உள்ளேயும் வெளியேயும் சமமாக அழுத்துவதால் சுவர் தாக்குப்பிடிக்கிறது. வடிந்த பிறகு, ஊறிப்போன அடிமண்தான் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். வெளிப்புறம் வெயிலில் சீக்கிரம் காய்ந்து சுருங்கும். உட்புறம் ஈரமாகவே கிடக்கும். பூச்சு இருந்தால் ஈரம் வெளியே வரவும் வழியில்லை. இதை என் வீட்டுக் கொத்தனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், எல்லாம் முடிந்த பிறகு.

தாலுகா அலுவலகத்துக்குப் போனால், "உங்க வீட்டுக்கு ஏற்கனவே பணம் ஏறியாச்சே" என்றார்கள். நாலாயிரம் ரூபாய். பேரிடர் நிவாரண நிதிக்கு 2022 முதல் 2026 வரை வகுத்த விதிப்படி, சமவெளியில் முழுமையாகவோ கடுமையாகவோ சேதமான வீட்டுக்கு ரூ.1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான பகுதி சேதம் என்றால் காரை வீட்டுக்கு ரூ.6,500, மண் வீட்டுக்கு ரூ.4,000. குடிசை என்று எழுதிவிட்டால் ரூ.8,000. ஏட்டில் எழுதும் இரண்டு வார்த்தையில் இவ்வளவு வித்தியாசம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு தமிழக அரசு தென் மாவட்டங்களுக்கு, புதிதாகக் கட்ட 4 லட்சம் வரை, பழுது பார்க்க 2 லட்சம் வரை என்று தனியாக அறிவித்தது. அதில் பெயர் தேடிப் போனபோதும் என் பழைய கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஐந்து மனு போட்டேன். ஒன்றும் நகரவில்லை. இன்றைக்கும் அந்த நோட்டு கண்ணில் நிற்கிறது, கோபமும் அடங்கவில்லை.

எங்கள் வரிசையிலேயே மூன்றாவது வீட்டுப் பெரியம்மாவுக்கு முழு சேதம் என்று பதிவானது. அவர் வீட்டுச் சுவரும் அன்றைக்கு நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் பெரியம்மா, "வாசல்ல நின்னு பாக்காதீய ஐயா, உள்ள வாங்க" என்று கூட்டிப்போனார். விறகுக் குச்சி ஒன்றை எடுத்துச் சுவரின் அடியில் குத்தினார். நாலு விரற்கடை ஆழத்துக்கு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வந்தவர் தானே ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

ஆகவே அக்கா மகளிடம் சொன்னது இதுதான். தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, எத்தனை நாள் நின்றது என்று பக்கத்திலேயே எழுதிப் படம் எடு. அடிச்சுவரைக் குத்திக் காட்டி அதையும் எடு. கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூக்குக்குண்டு விடச் சொல். நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி மேலே ஓர் அளவு, கீழே வேறு அளவு என்றால் சுவர் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கும் ஒரு படம். 'கடுமையான சேதம்' என்று எழுதச் சொல். மறுத்தால், சுவர் ஊறியிருக்கிறது, காய்ந்த பின் மறு ஆய்வு வேண்டும், ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தாசில்தாருக்கு எழுத்தில் கொடு. ஏற்கனவே பகுதி சேதம் என்று எழுதியிருந்தால், பணம் கணக்கில் ஏறும் முன் அந்த மனு போய்ச் சேர வேண்டும். பிறகு சுவர் விழுந்தால் விழுந்த அன்றே படத்துடன் இன்னொரு மனு. மண்ணை அள்ளாதே. பிள்ளைகளை அந்தச் சுவர் ஓரம் படுக்க வைக்காதே. இதை மூன்று தடவை சொன்னேன்.

ரேஷன் கடையில் வந்த பணத்தோடு முடிந்தது என்று நினைப்பது

2023-இல் அதிகம் பாதித்த இடங்களில் குடும்ப அட்டைக்கு ரூ.6,000 கொடுத்தார்கள். அது வாழ்வாதாரத்துக்கு. வீடு, பயிர், மாடு எல்லாம் தனித்தனிக் கணக்கு, தனித்தனி மனு.

பட்டா தாத்தா பெயரிலேயே கிடப்பது

வெள்ளம் வந்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. வாரிசு சான்றிதழ், பங்காளிகளின் சம்மதம் என்று அலைவதற்குள் நிவாரணப் பட்டியல் மூடிவிடும். கோடையில், ஜமாபந்தி (தாலுகாவில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் நேரத்தில் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்துவிடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கை உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேளுங்கள். நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) வீடு என்றால் நத்தம் பட்டா கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு நிவாரணத்துக்கு, அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. புறம்போக்கில் இருப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுத் தீர்வை ரசீது, மின் கட்டண அட்டை என்று எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கிறதோ அத்தனையும் சேர்த்து வையுங்கள்.

அளக்கும் முன் வயலில் ஜேசிபி விடுவது

என் சித்தப்பா மகன் செய்தது. ஆற்று மணல் வயலில் முழங்கால் உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. அடுத்த பூவுக்கு (போகத்துக்கு) நேரமாகிறது என்று ஐந்தாம் நாளே வாடகைக்கு வண்டி பிடித்து வாரிவிட்டான். அதே 2022-26 விதிப்படி, இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு, மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000 இருந்தது. வாரிய பிறகு அளப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு முழக்கோலை மணலில் நட்டு, பின்னால் வரப்போ கிணறோ தெரியும்படி நாலு மூலையிலும் படம் எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பயிர்ச் சேதம் இதில் சேராது. அதற்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்க வேண்டும். 2023-இல் நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000. நெல் என்றால் வேளாண்மைத் துறை, வாழை என்றால் தோட்டக்கலைத் துறை. வாழைக்காரர்கள் வேளாண்மை அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) இந்தப் பருவத்துப் பயிர்தான் ஏறியிருக்கிறதா என்று விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலரிடம்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்த மாட்டை உடனே புதைப்பது

கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரட்டும். 2023-இல் பசுவுக்கு ரூ.37,500.

ஓடாத வங்கிக் கணக்கைக் கொடுப்பது

மனு எழுதும் முன் பாஸ்புக்கில் பதிவு போட்டு, கணக்கு ஓடுகிறதா என்று பாருங்கள்.

ரசீது வாங்காமல் திரும்புவது

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் தருவார்கள். மற்ற அலுவலகங்களில் நகல் ஒன்று கையோடு கொண்டுபோய், அதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். என் ஐந்து மனுவில் முதல் இரண்டுக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.