வயதான பெற்றோர்: வீடா, இல்லமா? முடிவெடுப்பதில் சறுக்கும் இடங்கள்

வயதான பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்ற பேச்சு பெரும்பாலான குடும்பங்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தொடங்குகிறது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்திருக்கும், "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்பார்கள். அதற்குள் வீட்டை மாற்றவும் முடியாது, நல்ல இல்லம் தேடவும் முடியாது. கிடைத்த ஆளை வேலைக்கு வைப்பார்கள், அல்லது காலியாக இருக்கும் முதல் ஹோமில் சேர்ப்பார்கள். முதல் தவறு இந்தத் தாமதம்.

இரண்டாவது, கேள்வியையே மாற்றிக் கேட்பது. "ஹோமில் விட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்பதில் ஆரம்பித்தால் முடிவு கோணலாகத்தான் போகும். கேட்க வேண்டியது வேறு: ராத்திரி 2 மணிக்கு அவரை எழுப்பி பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது? ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். குளியல், உடை, கழிப்பறை, படுக்கையிலிருந்து எழுவது, சாப்பாடு, மாத்திரை என்று எதற்கெல்லாம் கை கொடுக்க வேண்டியிருந்தது, எத்தனை மணிக்கு என்று குறியுங்கள். உதவி குளிக்கும்போதும் மாத்திரை நேரத்திலும் மட்டும் என்றால் வீடு தாராளமாகப் போதும். நேரம் காலம் தெரியாமல், குறிப்பாக இரவில் பலமுறை தேவைப்பட்டால், வீட்டில் இரண்டு ஷிஃப்ட் ஆள் வேண்டும். அந்தச் செலவையும் ஆள் கிடைப்பதையும் கணக்கு பார்த்த பிறகுதான் இல்லத்தோடு ஒப்பிட முடியும்.

வீடு என்று முடிவானால் முதலில் கவனிக்க வேண்டியது குளியலறை. அங்கே அதிகம் நடக்கும் தவறு, டவல் ராடை நம்புவது. அது ஈரத் துண்டின் எடைக்காகப் பொருத்தியது. சறுக்கும்போது உடம்பின் மொத்தப் பாரமும் அதில் விழுந்தால் ஆளோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். கைப்பிடிக் கம்பி தனியாக வாங்குங்கள். ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிமன், சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். வெற்றிடத்தால் ஒட்டும் ரப்பர் கப் கம்பிகள் வேண்டவே வேண்டாம், என்றைக்குக் கழன்று வரும் என்று சொல்ல முடியாது.

மாட்டும் விதத்திலும் கோட்டை விடுகிறார்கள். துளை போடும் முன் டைல்ஸை விரலால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை, அந்த இடத்தில் திருகு டைலை மட்டும்தான் பிடித்திருக்கும். டைலைத் துளைக்கும் வரை டிரில்லில் ஹேமரை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். நாலரை அங்குலச் சுவர், ஹாலோ பிளாக் சுவர் என்றால் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு முறுக்குவதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் வீட்டிலேயே பாரமான ஆள் ஒருவர் தொங்கிப் பார்த்துவிடட்டும்.

கமோடில் உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முட்டி இடுப்பைவிட மேலே போகக் கூடாது. தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் ரைசர் கிடைக்கிறது. குளிக்கும்போது வாளி தரையில் இருந்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிந்து நிமிர வேண்டும். தலை சுற்றுவது அந்த நிமிர்வில்தான். வாளியையும் ஸ்டூல் மேல் ஏற்றிவிடுங்கள். அவர் உட்காரும் நாற்காலியின் கால்களில் ரப்பர் புஷ் இருக்கட்டும், வெறும் பிளாஸ்டிக் ஸ்டூல் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும்.

கதவு உள்பக்கம் திறந்தால், விழுந்தவர் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு போடுங்கள். ஒயர்லெஸ் காலிங் பெல்லின் பொத்தானைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டுங்கள். நின்றால் எட்டும் உயரத்தில் வைத்த பெல், கீழே கிடப்பவருக்குப் பயன்படாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

விழுந்தவரைப் பதறிப்போய் இரண்டு கையையும் பிடித்துத் தூக்குவது அடுத்த தவறு. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

விழுவதற்கு வழுக்கும் தரை மட்டும் காரணமில்லை, மாத்திரையும்தான். பிபி மாத்திரையும் புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசினும் எழுந்தவுடன் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். படுக்கை ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். நீர் மாத்திரையை மாலையில் போட்டால் ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடை. காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு டாக்டர் எழுதிய இரண்டு பிராண்டுக்குள் ஒரே மருந்து இருப்பதும் சகஜம், அட்டையின் பின்னால் உள்ள மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு விரதம் இருந்தால் சர்க்கரை விழும். 70-க்குக் கீழே போய், விழுங்கும் நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. வசதியான வீட்டினர் இதைக் கேட்பதே இல்லை.

ஆள் வைப்பதில் ஏமாற்றம் வருவது, அட்டெண்டரை நர்ஸ் என்று நினைத்துக்கொள்வதால். குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, டயபர் மாற்றுவது அட்டெண்டர் வேலை. இன்சுலின் அளவு பார்ப்பது, மூக்குக் குழாயில் உணவு, சிறுநீர்க் குழாய் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். '24 மணி நேர ஆள்' என்பவரும் தூங்கியாக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை, படுக்கைப் புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்றால் எட்டு மணி நேர இரவில் நான்கு முறை. ஒரே ஆளால் அது மாதக்கணக்கில் நடக்காது. ஏர் பெட் வாங்கிவிட்டதால் திருப்ப வேண்டாம் என்பதும் தவறு. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. வால் எலும்பு, குதிகால் இரண்டையும் தினம் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கல் மாதிரியோ இருந்தால் புண் ஆரம்பிக்கிறது. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

இல்லம் தேடும்போது காலை 11 மணிக்குப் போய் தோட்டத்தையும் வரவேற்பறையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போங்கள். ராத்திரி எத்தனை பேர் டியூட்டியில், அவர்கள் பார்க்கும் படுக்கை நோயாளிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கட்டில் பக்கத்து பெல்லை நீங்களே அழுத்தி, யார் எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்று பாருங்கள். கோவைப் பக்கம் பெருகியிருக்கும் ஓய்வுக்கால குடியிருப்புகள் வேறு வகை. அவை பெரும்பாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கானவை. நடக்க முடியாமல் போனாலோ மறதி நோய் வந்தாலோ இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா என்பதற்கு ஒப்பந்தத்தில் எழுத்துப்பூர்வமான பதில் இருக்க வேண்டும். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்ப வரும் என்பதற்கும் அப்படியே. டயபர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரியில் உடன் இருப்பவர் கூலி எல்லாம் மாதக் கட்டணத்தில் சேருமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு வாரம் தங்கிப் பார்க்க விடாத இல்லத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கோவிலுக்குப் போகலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போய் விடாதீர்கள், அதன் பிறகு அவர் அங்கே யாரையும் நம்ப மாட்டார்.

கடைசியாகப் பத்திர விஷயம். "என்னைப் பார்த்துக்கொள்வான்" என்ற வாய்ப்பேச்சை நம்பி வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது பெற்றோர் செய்கிற தவறு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால், பின்னால் அதை நிரூபிக்கப் போராட வேண்டியதில்லை. வழக்கு போக வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம். முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.