மலையகச் சமையலறைக்கு மிக்ஸியா, ஃபுட் புரொசசரா, வெட் கிரைண்டரா: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு மின்சாதனக் கடைக்குள் சென்று "கிரைண்டர் வேண்டும்" என்று கேட்டால், கடைக்காரர் நான்கு வெவ்வேறு இயந்திரங்களை முன்னால் எடுத்து வைக்கக்கூடும். உயரமான குவளை கொண்ட பிளெண்டர், மூன்று ஜாருடன் வரும் மிக்ஸி, கல் சுழலும் வெட் கிரைண்டர், அகன்ற கிண்ணமும் சீவும் தட்டுகளும் கொண்ட ஃபுட் புரொசசர் ஆகிய எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டதால், தமக்கு வேண்டாததை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் பலர். ஆகவே கடைக்குப் போவதற்கு முன், உங்கள் வீட்டு அம்மியிலும் வெட்டும் பலகையிலும் ஒரு வாரம் என்னென்ன வேலை நடக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த இயந்திரம் வேண்டும் என்பதை அந்தத் தாளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

நான் அப்படி எழுதிப் பார்க்காமல், கண்டியில் ஒரு கடையில் பெட்டியின் மேலிருந்த படத்தில் மயங்கி, ஒரு ஃபுட் புரொசசரை வாங்கினேன். மறுநாள் காலை ரொட்டிக்குச் சம்பல் அரைக்க அரைத் தேங்காயின் பூவையும் ஆறு செத்தல் மிளகாயையும் போட்டேன். இரண்டு சுற்றில் எல்லாம் கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொள்ள, கத்தி வெறுமனே சுழன்றது. மூடியைத் திறந்து கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி ஓட்டுவதை நான்கைந்து முறை செய்தும் மிளகாய் முழுத் துண்டாகவே கிடந்தது. இரண்டாம் வருடத்தில், மூடியின் ஓரத்திலிருந்த சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் நாக்கு உடைந்தது. மூடி சரியாகப் பூட்டப்பட்டால்தான் மோட்டர் ஓட வேண்டும் என்ற பாதுகாப்புக்காக அந்த நாக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாமல் இயந்திரம் அசையாது. அந்த மூடி எங்கும் தனியாகக் கிடைக்கவில்லை.

அந்த இயந்திரம் மோசமானதன்று, நான் கொடுத்த வேலைதான் அதற்குரியதன்று என்பது பின்னர்தான் புரிந்தது. ஃபுட் புரொசசரின் கிண்ணம் அகலமானது, அதன் கத்தி மிக்ஸியின் கத்தியைவிடப் பல மடங்கு மெதுவாகச் சுழல்வது. அரைப்பதற்காக அன்றி வெட்டுவதற்காகவும், சீவுவதற்காகவும், துருவுவதற்காகவும், மாப் பிசைவதற்காகவுமே அது உருவாக்கப்பட்டிருக்கிறது. கிண்ணத்தின் நடுவே தண்டு ஏறும் குழாய் இருப்பதால், குறித்த கோட்டுக்கு மேல் தண்ணீர் விட்டால் அந்த வழியாகக் கசியவும் செய்யும். ஆனால் நுவரெலியா மரக்கறி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் 2 கிலோ கரட்டும் ஒரு முழுக் கோவாவும் சீவ வேண்டியிருந்தால், அல்லது வீட்டிலேயே ரோல்ஸ், கட்லட் செய்து கடைகளுக்குக் கொடுப்பவராக இருந்தால், வேறெந்த இயந்திரமும் அதற்கு ஈடாகாது. அப்படிப்பட்டவர்கள் வாங்கும்போது கிண்ணம் 2 லீற்றருக்குக் குறையாமலும், சீவும் தட்டு துருப்பிடிக்காத எஃகாகவும், மரக்கறியை இறக்கும் வாய் ஒரு முழுக் கரட் நுழையும் அகலத்திலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய் ஒடுங்கியதாக இருந்தால் எல்லாவற்றையும் முதலில் கையால் நறுக்கித்தான் உள்ளே போட வேண்டியிருக்கும். பிறகு அந்த இயந்திரம் எதற்கு?

நான்கு பேர், ஐந்து பேர் உள்ள நம்முடைய பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது 750 வோட் மிக்ஸிதான். தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப் பால், கறிக்கு அரைத்த கூட்டு, வறுத்த மல்லியும் சீரகமும், வடைக்கு ஊறிய பருப்பு என்று நாள்தோறும் நாம் அரைப்பவை எல்லாம் சிறிய அளவினவை, இறுக்கமானவை. ஒடுங்கிய எஃகு ஜாரும், வெறுமனே ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போகும் மோட்டரும் இவற்றுக்கென்றே அமைந்தவை. 500 வோட் மிக்ஸி சம்பலுக்குப் போதும், ஆனால் கடலைப் பருப்பில் திணறும். 1000 வோட் என்பது பெரிய குடும்பத்துக்கோ சிறு கடைக்கோ உரியது. ஜார்களில் மிக முக்கியமானது எல்லோரும் அலட்சியம் செய்யும் மிகச் சிறியதுதான். ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் கொள்ளும் அந்தச் சின்ன ஜார் இல்லாத மிக்ஸியை, எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சில பெட்டிகளில் மோட்டர் ஒரு கணம் இழுக்கக்கூடிய உச்ச அளவையே போட்டிருப்பார்கள். இயந்திரத்தைக் கவிழ்த்து, அடிப்புறத் தகட்டில் உள்ள எண்ணை வாசியுங்கள். அந்தத் தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்றும் இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்பதும் அங்கேயோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். மத்திய கிழக்கில் வேலை செய்யும் அக்காவோ தங்கையோ அனுப்பிய இயந்திரமாக இருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சவூதி அரேபியாவில் நீண்ட காலம் வீடுகளில் 127 வோல்ட் மின்சாரமும் புழங்கியது. அதற்கென்று செய்யப்பட்ட பொருளை இங்கே நேராகச் செருகினால் சில நொடிகளில் மோட்டர் கருகிவிடும்.

சம்பல் அரைக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மிக்ஸியைக்கூட "அம்மி ருசி வரவில்லை" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். சின்ன ஜாரில் முதலில் செத்தல் மிளகாயையும் உப்பையும் மட்டும் போட்டு, நீர் சேர்க்காமல் கொரகொரப்பான தூளாக்குங்கள். அடுத்து சின்ன வெங்காயத்தைப் போட்டு, குமிழை இடப்பக்கம் திருப்பிப் பிடித்து உடனே விடும் பல்ஸ் முறையில் மூன்று தடவை சுற்றுங்கள். கடைசியாகத் தேங்காய்ப் பூவைப் போட்டு ஒவ்வொரு நொடியாக ஐந்தாறு தடவை, இடையிடையே ஜாரைக் குலுக்கிவிட்டுச் சுற்றினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் தேங்காய் சூடேறி எண்ணெய் கக்கி, சம்பல் பசையாகிவிடும். மாசித் தூளும் தேசிக்காய்ப் புளியும் கையால் பிசையும்போது சேர்ப்பதற்குரியவை.

தோசையும் இட்டலியும் வாரத்தில் மூன்று நான்கு நாள் செய்யும் வீட்டுக்கு மட்டும் வெட் கிரைண்டர் பொருந்தும். ஊறிய உளுந்து கல்லில் மெதுவாக அரைபடும்போது காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்குவதால், அதே அளவு உளுந்தில் மிக்ஸியைவிட அதிக மா காணும். 2 லீற்றர் மேசைக் கிரைண்டரின் மோட்டர் பெரும்பாலும் 150 வோட்தான். அரை மணி நேரம் ஓடினாலும் 0.075 யூனிட்டே செலவாகும், 750 வோட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 0.125 யூனிட். மின் கட்டணத்துக்குப் பயந்து இரண்டில் எதையும் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் கிரைண்டர் பாரமானது, தினமும் தூக்கி இறக்க முடியாது, லயக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டின்) ஒடுங்கிய குசினியில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் மா சூடாகிவிடும், ஆகவே குளிர்ந்த நீர் விடுங்கள் என்று சமவெளியில் சொல்லும் அறிவுரை நமக்கு அவ்வளவு பொருந்தாது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் நுவரெலியாவில் மா புளிப்பதுதான் பெரும்பாடு. இலேசான வெதுவெதுப்பு அங்கே உதவியே செய்யும். அரைத்த மாவை அடுப்படிக்குப் பக்கத்தில் மூடி வைத்தால் விடிவதற்குள் பொங்கியிருக்கும்.

மின் இணைப்பைப் பற்றி மனம் பதைத்தே எழுதுகிறேன். பழைய லயங்களில் ஒரே இணைப்பிலிருந்து வயர் இழுத்தும், பல்ப் ஹோல்டரிலிருந்து எடுத்தும் இயந்திரங்களை ஓட்டுவதை இன்றும் காண்கிறோம். 750 வோட் மிக்ஸி 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய பழைய வயரும் தளர்ந்த இணைப்பும் அதனால் ஆபத்தான அளவு சூடேறலாம். இந்தியாவிலிருந்து வரும் மிக்ஸிகளில் உருண்டை முனைப் பிளக் இருக்கலாம். அதைச் சதுர முனைத் துளைக்குள் குச்சி வைத்துத் திறந்து செருகாமல், மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து 13 ஆம்பியர் பிளக் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது முனையான எர்த் இல்லாத இணைப்பில், ஈரக் கையோடு தொடும் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேர இடி மின்னல் தொடங்கும்போது சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே கழற்றி வையுங்கள்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஜாரைக் கவிழ்த்து, அடியில் மோட்டரோடு இணையும் பகுதியான கப்ளரை விரலால் சுற்றிப் பாருங்கள்: தடையின்றிச் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. பிறகு பெரிய ஜாரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, முழு வேகத்தில் அரை நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். மூடியைச் சுற்றியோ ஜாரின் அடியிலோ ஒரு சொட்டு நீர் தெரிந்தாலும் வேறு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அடித்தகட்டின் அருகே சிவப்பு நிறப் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாரம் கூடி மோட்டர் திணறினால் அது தானே வெளியே தள்ளி மின்சாரத்தைத் துண்டிக்கும்; பாரத்தைக் குறைத்து, சற்று ஆறவிட்டு, மீண்டும் அழுத்தினால் ஓடும். இதை அறியாமல், நன்றாக இருக்கும் மிக்ஸியை "எரிந்துவிட்டது" என்று பழுதுபார்க்கக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

வொரன்டி அட்டையில் திகதியும் கடை முத்திரையும் போட்டு வாங்குவதோடு, பழுதுபார்க்கும் இடம் எந்த டவுனில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால், ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் சேர்த்து அந்த இயந்திரத்தின் விலையைக் கணக்கிட வேண்டும். மிக்ஸியில் முதலில் தேய்வது மூடியின் ரப்பர் வளையமும் கப்ளரும்தான். இயந்திரம் வாங்கும் அதே நாளில் அதே கடையில் அந்த இரண்டையும் ஒவ்வொன்று கூடுதலாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் வாங்கி, வொரன்டி அட்டையோடு ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். இல்லை, வருவதுமில்லை என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.