ஏ.பி.எஸ். உள்ளவருக்கு இதய வால்வு ஆபரேஷனா? ஊரிலிருந்து கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய், "மைட்ரல் வால்வை மாற்ற வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவருக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோமும் (சுருக்கமாக ஏ.பி.எஸ்.) இருந்தால், தேதி குறிக்கும் முன்பே மூட்டுவாத டாக்டர், இதய அறுவை டாக்டர், மயக்க டாக்டர் மூவரையும் ஒருவரோடொருவர் பேச வையுங்கள். ஃபைலைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது.

காரணம் இருக்கிறது. இந்த நோயில் உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்களால் ரத்தம் எளிதில் உறையும். ஆனால் அதே எதிர்ப்பொருள்கள் ஆய்வகத்தில் ரத்தம் உறையும் நேரத்தை நீட்டிக் காட்டும். ஆபரேஷனில் ஹார்ட்-லங் மெஷினில் போடும்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஏ.சி.டி. என்ற சோதனையில்தான் அளவு பார்ப்பார்கள். அந்த எண்ணும் ஏமாற்றலாம், மருந்து போதாமலே போதும் என்று காட்டிவிடும். அதனால் "ஹெப்பாரின் அளவை வேறு எப்படிப் பார்ப்பீர்கள், ஆன்டி-டென்-ஏ (Anti-Xa, ஹெப்பாரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பது) சோதனை இங்கே உண்டா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையான அசிட்ரோம் அல்லது வார்ஃபரினை என்று நிறுத்துவது, ஹெப்பாரின் ஊசியை என்று தொடங்குவது, இரண்டையும் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவே கூடாது. ஆபரேஷன் அன்று கூடுதலாகவே தேவைப்படலாம். சொத்தைப் பல் இருந்தால் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். காப்பீட்டு அட்டையை மறக்க வேண்டாம்.

எந்த வால்வு? திருவனந்தபுரத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ வேண்டும். ஏ.பி.எஸ்.காரர் பலருக்கு எப்படியும் அது தேவைதான், ஆனால் பிள்ளைப்பேறு எண்ணமுள்ள பெண்ணென்றால் வால்வைத் தேர்வு செய்யும் முன்பே அதைச் சொல்லியாக வேண்டும், அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். "ஐ.என்.ஆர். (இந்த மாத்திரையின் அளவு சரியா என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்க்கவே தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உலோக வால்வுக்கு அது ஆகாது.

ஊர் திரும்பியதும் ஐ.என்.ஆருக்கு விரலில் குத்திப் பார்க்கும் கருவியை நம்பாமல், நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பாருங்கள். கீரையை விட வேண்டாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் சரி. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், பெயர் தெரியாத சூரணம் இரண்டும் கூடாது. வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. அப்புறம் காய்ச்சல் வந்தால், மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், வால்வு வைத்தவர் என்று முதலிலேயே சொல்லி, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள்.