எட்டு மாடிக் கடையை மூன்று மாடியில் பிழைக்க வைப்பது எப்படி

'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்றதும் தமிழில் அரிசி, பருப்பு, சோப்பு விற்கும் கடைதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது வேறு. அமெரிக்க நகர மையங்களில் நாலு தெருவுக்கு நடுவே ஒரு கட்டடம் முழுக்கப் பரவி, கீழே வாசனைத் திரவியத்தில் தொடங்கி மேலே கட்டில் மெத்தை, அதற்கும் மேலே உணவகம் என்று அடுக்கிய பெருங்கடைகள். பெரும்பாலானவை மூடிவிட்டன. மிஞ்சியவற்றில் ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். எல்லா மாடியையும் காப்பாற்றப் போனால் கடையே போய்விடும். கையில் பணம் இருக்கும்போதே, மேலிருந்து கீழாகச் சுருங்க வேண்டும்.

போன வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்ற கணக்கை முதலில் விடுங்கள். டெட்ராய்ட்டின் ஹட்சன்ஸ் கடை 1954-இல் புறநகரில் நார்த்லேண்ட் வணிக வளாகத்தைத் தானே கட்டியது. 1956-இல் மினியாபொலிஸ் பக்கத்தில் சவுத்டேல் என்ற, முழுக்கக் கூரை போட்ட வணிக வளாகம் திறந்தது. நாடு முழுக்க விரைவுச் சாலை போட வழிசெய்த மத்திய நெடுஞ்சாலைச் சட்டமும் அதே ஆண்டுதான். கார் நிறுத்த இடம் புறநகரில் இருந்தது, வீடும் அங்கேயே போனது. ஹட்சன்ஸின் நகர மையக் கடை 1983-இல் மூடி, 1998-இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆகவே 'அந்தக் காலத்துக் கூட்டம்' கணக்கில் வராது. இன்று வாசலில் யார் நடக்கிறார்கள் என்பதே கணக்கு.

ஆளை எண்ணுங்கள்

இரண்டு வாரம், பண்டிகைக் காலம் அல்லாத வாரங்களாகப் பார்த்து எண்ணுங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர், ஒவ்வொரு எஸ்கலேட்டர் உச்சியிலும் ஒருவர், அரை மணிக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். லிஃப்டில் போகிறவர்களை மறந்துவிடாதீர்கள். மேல் மாடிக்குப் போகும் முதியவர்கள் அதில்தான் போவார்கள். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் நிற்காமல் வெளியேறுகிறவர்களைத் தனியாகக் குறியுங்கள். மழை, பனி நாட்களில் கடையைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துகிற அவர்களையும் வாடிக்கையாளராக எண்ணினால் கணக்கு கெட்டுவிடும்.

கீழ்த்தளத்தில் (அமெரிக்கக் கணக்கில் அதுவே முதல் மாடி) 2,000 பேர், இரண்டாம் மாடியில் 900, மூன்றாவதில் 350, நான்காவதில் 120 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு எஸ்கலேட்டரும் ஒரு சல்லடை.

அடுத்தது மாடிவாரியான வரவு செலவு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சொத்து வரியையும் கடன் வட்டியையும் சதுர அடிக் கணக்கில் எல்லா மாடிக்கும் பங்கு போடுவார்கள். ஆறாம் மாடியை மூடினால் சொத்து வரி ஒரு டாலர்கூடக் குறையாது. அதன் பங்கு மற்ற மாடிகளின் தலையில் ஏறும், அடுத்த ஆண்டு ஐந்தாம் மாடியும் நஷ்டமாகத் தெரியும். மாடியை மூடினால் உண்மையிலேயே நிற்கும் செலவை மட்டும் எழுதுங்கள்: அந்த மாடி ஆட்களின் சம்பளம், விளக்கு, காவல், எஸ்கலேட்டர் பராமரிப்பு, அங்கே சரக்கில் முடங்கிய பணத்தின் வட்டி.

பிரிவுகளைத் தரம் பிரிக்க ஒரு வகுத்தல் போதும். ஆண்டு மொத்த லாபத்தை (விற்பனையில் சரக்கின் கொள்முதல் விலையைக் கழித்தது) சராசரிக் கையிருப்பின் கொள்முதல் விலையால் வகுங்கள். லாபம் 1,80,000 டாலர், இருப்பு 1,50,000 டாலர் என்றால் 1.2. லாபம் 90,000, இருப்பு 2,00,000 என்றால் 0.45. சரக்கில் போட்ட ஒரு டாலர் ஆண்டு முழுதும் கிடந்து 45 சென்ட்தான் கொண்டுவந்தது என்று அர்த்தம். அதில் சம்பளமும் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் போக வேண்டியதுதான்.

மேல் மாடியை மூடும்போது

மேலே இருந்தவற்றில் மக்கள் தேடி வருவது எது என்று பாருங்கள். உணவகம், தையல் திருத்தம், பொருள் மாற்றும் கவுன்ட்டர், கழிவறை. இவை சதுர அடிக்கு விற்பனை காட்டாது. ஆனால் ஆளை மேலே இழுப்பவை இவைதான். சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் தன் வால்நட் ரூம் உணவகத்தை ஏழாம் மாடியில் வைத்தது சும்மா இல்லை. ஜப்பானியக் கடைக்காரர்கள் இதை 'ஷவர்' விளைவு என்பார்கள்: மேலே கொண்டுபோய் விட்டால் தண்ணீர் மாதிரி ஒவ்வொரு தளமாக வழிந்து இறங்குவார்கள். எட்டு மாடியை மூன்றாகக் குறைத்தால் உணவகத்தை மூன்றாம் மாடியின் கடைசி மூலைக்குக் கொண்டுவாருங்கள். கீழ்த்தளத்துக்கு வேண்டாம். அங்கே போட்டால் சாப்பிட்டுவிட்டு அப்படியே தெருவுக்குப் போய்விடுவார்கள்.

மின்செலவை மிச்சம் பிடிக்க இறங்கும் எஸ்கலேட்டரை மட்டும் நிறுத்திவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கையில் இரண்டு பையோடு, நின்றுபோன எஸ்கலேட்டரின் உயரமான இரும்புப் படிகளில் ஒரு முறை இறங்கியவர் அடுத்த முறை ஏற மாட்டார்.

மூடிய மாடி செலவில்லாத மாடி அல்ல. தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களில் தண்ணீர் நிற்கும் வரை அந்தத் தளம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. வெப்பத்தை மொத்தமாக அணைத்தால் ஜனவரியில் ஒரு முழங்கைக் குழாய் உறைந்து பிளக்கும். பனி உருகும் நாளில்தான் அது தெரியும், அதுவும் கீழே கம்பளிக் கோட்டுகள் மேல் தண்ணீர் கொட்டும்போது. குறைந்தபட்ச வெப்பத்தைத் தொடருங்கள், அல்லது அந்தத் தளத்தை உலர் குழாய் முறைக்கு (தீப்பிடிக்கும் வரை குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று நிற்கும்) மாற்றுங்கள். வால்வை மூடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. மொட்டைமாடி வடிகாலை மாதம் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் வாரம் ஒரு முறை பார்க்க ஆள் வேண்டும்.

சரக்கும் விலையும்

சிறுத்த கடைக்குப் பழைய அளவில் சரக்கு வாங்குவது அடுத்த தவறு. மாதத்துக்குக் கொள்முதல் வரம்பு போடுங்கள், எல்லாத் தொகையும் விற்பனை விலையில்: எதிர்பார்க்கும் விற்பனை, திட்டமிட்ட தள்ளுபடி, மாதக் கடைசியில் வேண்டிய இருப்பு மூன்றையும் கூட்டி, இப்போதைய இருப்பையும் ஏற்கெனவே ஆர்டர் போட்டதையும் கழியுங்கள். 1,00,000 + 10,000 + 2,20,000 − 2,40,000 − 50,000 = 40,000. அந்த 40,000-க்கு மேல் பிரிவு மேலாளர் கையெழுத்து செல்லாது.

ரேக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாற்பது சட்டை தொங்கும். புரட்டிப் பார்த்தால் முப்பது மிகச் சிறிய அளவு, எட்டு மிகப் பெரியது, நடு அளவில் இரண்டே இரண்டு. நிறைந்த ரேக், விற்க ஒன்றுமில்லை. நடு அளவு தீர்ந்த மாதிரிகளை உடனே விலை குறைத்து வெளியேற்றுங்கள்.

விலைக் குறைப்புக்கு இன்னும் பழசாகாத பாடம், பாஸ்டனில் 1909-இல் திறந்த ஃபைலீன்ஸ் பேஸ்மென்ட். விலைச்சீட்டில் சரக்கு வந்த தேதி இருந்தது. 12 விற்பனை நாள் கழிந்தால் 25 சதவீதம் குறைப்பு, 18 நாளில் 50, 24 நாளில் 75, 30 நாள் தாண்டினால் தர்மத்துக்கு. மேலாளரின் மனசுக்கு இதில் இடமில்லை என்பதே இதன் பலம். 'அடுத்த வாரம் போகும்' என்று யாரும் சொல்ல முடியாது. முழுக் கடைக்கும் இது பொருந்தாது. தேங்கும் சரக்குக்கென்று ஒரு மூலையை, முடிந்தால் அடித்தளத்தை, இதற்கு விடுங்கள்.

அதே சமயம் கூப்பன் பழக்கத்தை ஒரே நாளில் வெட்டாதீர்கள். ஜே.சி. பென்னி என்ற கடைச் சங்கிலி 2012-இல் கூப்பனை நிறுத்தி 'தினமும் நியாய விலை' முறைக்கு மாறியது. அந்த நிதியாண்டில் விற்பனை நாலில் ஒரு பங்கு சரிந்தது. பத்து டாலர் சட்டைக்கு இருபது என்று எழுதி அடித்துக் காட்டுவது எரிச்சலான வித்தைதான், ஆனால் பழகிய வாடிக்கையாளருக்கு அதுவே அளவுகோல். பிரிவுக்குப் பிரிவாக, ஓரிரு ஆண்டு எடுத்து மாற்றுங்கள்.

பெயரை மாற்றவே மாற்றாதீர்கள். மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடையின் பெயர் 2006-இல் மேசீஸ் என்று மாறியபோது சிகாகோவில் ஆட்கள் கடை வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நகர மையக் கடைக்கு மிஞ்சிய சொத்துகளில் பெயரும் ஒன்று.

காலியான மாடிகளை என்ன செய்வது

வாடகைக்கு விடுவதுதான் வழி, ஆனால் கட்டடத்தின் ஆழம் குறுக்கே நிற்கும். இயற்கை வெளிச்சம் ஜன்னல் உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே வரும். கடைத் தளமோ பல மடங்கு ஆழம். குடியிருப்பாக்க வேண்டுமானால் நடுவில் வெளிச்சக் கிணறு வெட்ட வேண்டியிருக்கும். அலுவலகமோ கல்லூரியோ வந்தால் அந்தச் சிக்கல் குறைவு. சிகாகோவில் கார்சன்ஸ் கடை 2007-இல் மூடிய கட்டடத்தில் 2012-இல் கீழே டார்கெட் என்ற சங்கிலிக் கடை வந்தது.

வரலாற்றுச் சிறப்புச் சான்று பெறத் தக்க கட்டடமாக இருந்தால், தகுதியுள்ள புதுப்பித்தல் செலவில் 20 சதவீதம் மத்திய வரிச் சலுகை உண்டு. ஐந்து ஆண்டில் பிரித்து எடுக்க வேண்டும். செலவு, வரிக் கணக்கில் கட்டடத்துக்கு (நிலம் நீங்கலாக) மிஞ்சியிருக்கும் மதிப்பைத் தாண்ட வேண்டும். விண்ணப்பம் மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில்தான் என்ன செய்யப்போகிறீர்கள் என்று வரைபடத்தோடு சொல்ல வேண்டும். அதற்கு ஒப்புதல் வருமுன் ஒரு பழைய மரப் படிக்கட்டையோ வெளிச்சக் கிணற்றுக்காகத் தளத்தையோ உடைத்தால், மொத்தச் சலுகையும் கையை விட்டுப் போகலாம்.

கடனுக்காகக் கட்டடத்தை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கும் யோசனை கட்டாயம் வரும். ஃபெடரேட்டட் என்ற பெருங்கடைக் குழுமத்தைக் கனடாவின் காம்போ நிறுவனம் 1988-இல் கடன் வாங்கி வளைத்துப்போட்டு, 1990 ஜனவரியில் அது திவால் மனு போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது, வட்டிதான் ஓடவிடவில்லை. வேறு வழியே இல்லை என்றால் ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்கட்டும்: வாடகையில் ஒரு பகுதி விற்பனை சதவீதமாக, கூரையும் எஸ்கலேட்டரும் உரிமையாளர் செலவில், மேல் மாடிகளை ஒவ்வொன்றாக ஆறு மாத அறிவிப்பில் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு. மூன்றாவது வரிக்கு வக்கீல் முகம் சுளிப்பார். அதை விட்டுக்கொடுப்பதைவிட வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.