பூட்டியாவைப் பற்றி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. இந்தியக் கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியா வெளிநாட்டில் ஆடிய கதையை யார் புதிதாக எழுதி வந்தாலும் நடைதான் மாறுகிறது, தவறுகள் அப்படியே இருக்கின்றன. பெயரில் வரும் எழுத்துப் பிழை, பிறந்த தேதி இதெல்லாம் யார் கண்ணிலும் பட்டுவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் டிவிஷன் இரண்டாவது அடுக்கு இல்லை

1999-ல் இங்கிலாந்தின் பெரி கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அக்டோபர் 3 அன்று கார்டிஃப் சிட்டிக்கு எதிராக முதல் ஆட்டம். இதுவரை சரியாக எழுதிவிடுகிறார்கள். அடுத்த வரியில்தான் வம்பு. சிலர் கூசாமல் அவர் ஆடியது இங்கிலாந்தின் உச்ச அடுக்கான "பிரீமியர் லீக்" என்கிறார்கள். கொஞ்சம் தேடிப் பார்ப்பவர்களோ, பெரி அப்போது இருந்தது "இரண்டாம் டிவிஷன்" என்று கண்டுபிடித்து, அது பிரீமியர் லீக்குக்கு அடுத்த படி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

1992-ல் பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்தபோது, பழைய இரண்டாம் டிவிஷனுக்கு முதல் டிவிஷன் என்று பெயர் வந்தது. மூன்றாம் டிவிஷன் இரண்டாம் டிவிஷன் ஆனது. ஆக, பெரி ஆடியது மூன்றாவது அடுக்கில். 2004-ல் அந்த அடுக்குக்கே "லீக் ஒன்" என்று பெயர் வைத்தார்கள், கேட்க வேண்டுமா! இன்றைய புள்ளிப் பட்டியலைப் பார்த்துச் சரிசெய்யவும் முடியாது. பணப் பிரச்சினையால் பெரியை 2019-லேயே லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒரு சிறப்பிதழின் அட்டையிலேயே இந்தத் தவறு ஏறியது. அச்சுக்குப் போகும் முன்பே சொன்னேன். "யார் சார் கவனிக்கப் போறாங்க?" என்றார் எழுதியவர். கவனித்தார்கள். மறுப்பும் போட்டோம், ஆனால் மறுப்பை யார் படிக்கிறார்கள்? அந்த அட்டை வரியை எடுத்துப் போட்ட கட்டுரைகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. அதுதான் எரிச்சல்.

மூன்றாவது அடுக்கு என்று எழுதினால் அவர் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள் போல. பெரிக்கு முன் மற்ற ஆங்கிலக் கிளப்களின் தேர்வுகளில் அவர் தேறவில்லை. அப்படிப்பட்டவர் அந்த லீக்கில் 37 ஆட்டங்கள் ஆடி 3 கோல் அடித்தார். அடுக்கை உயர்த்திச் சொன்னால் இந்தக் கணக்குக்கே தவறான பொருள் வந்துவிடும்.

"ஐரோப்பாவில் முதல் இந்தியர்"

பூட்டியாவை இப்படியும் எழுதுகிறார்கள். இல்லை. 1936-லேயே கொல்கத்தா கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம், காலில் பேண்டேஜ் மட்டும் சுற்றிக்கொண்டு ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக ஆடினார். ஆனால் அவர் செல்டிக்கின் முதல் அணியில் லீக் ஆட்டம் ஆடியதாக எழுதிவிடாதீர்கள், அது எதிர்ப்பக்கத் தவறு.

வெளிநாடு என்றால் இங்கிலாந்து மட்டுமா?

பூட்டியா மலேசியாவில் பேராக், சிலாங்கூர் எம்.கே. லேண்ட் அணிகளுக்கும் ஆடினார். மறக்காதீர்கள்.

ஓய்வு

2011 ஆகஸ்டில் அறிவித்தது சர்வதேச ஓய்வு மட்டுமே. அதன் பிறகும் யுனைடெட் சிக்கிம் கிளப்புக்கு ஆடினார். 2012 ஜனவரி 10 அன்று டெல்லியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்குடன் நடந்த அவரது பிரியாவிடை ஆட்டத்தையும் சிலர் சர்வதேச ஆட்டக் கணக்கில் சேர்க்கிறார்கள். எதிரணி ஒரு கிளப், நாடு அல்ல.