லண்டனில் பழைய சின்னக் கார் வாங்குமுன் எம்.ஓ.டி பதிவை வாசிக்கும் விதம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் கராஜ் வைத்திருப்பவனுக்கு லண்டன் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அக்காவின் மகன் லண்டன் ஹரோவில் இருக்கிறான். தனக்கோ கூட்டாளிமாருக்கோ கார் பார்க்க வெளிக்கிட்டால், இலக்கத் தகட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் எனக்குத் தட்டிவிடுவான். மிச்சத்தை நான் இங்கே இருந்தே பார்த்துச் சொல்லுவேன்.

கார் ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் சட்டப்படியான சோதனைதான் எம்.ஓ.டி. அங்கே கார் பதிவாகி 3 வருடத்தில் முதல் எம்.ஓ.டி (வட அயர்லாந்தில் 4), பிறகு வருடாவருடம். அரசாங்கத்தின் இணையத்தளத்தில் கார் இலக்கத்தை அடித்தால், வட அயர்லாந்து தவிர்ந்த இடங்களுக்கு 2005 தொடக்கம் உள்ள சோதனைகள் வரிசையாக வரும்: திகதி, பாஸா பெயிலா, ஓடிய மைல், கண்ட குறைகள். காசு இல்லை. இங்கே எங்கள் கார்களுக்கு வருடத்துக்கு ஒருக்கால் புகைச் சோதனை மட்டும்தான். அது பிரேக்கையும் பார்க்காது, அடிப்பக்கத்தையும் பார்க்காது. அந்தப் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

"மாமா, எல்லா வருசமும் பாஸ். எடுக்கலாம்தானே?" என்பான் மருமகன். "பாஸை விடு தம்பி, அதுக்குக் கீழ என்ன எழுதிக் கிடக்கு எண்டு வாசி" என்பேன்.

கீழே இருப்பதுதான் அட்வைசரி. இப்போதைக்கு ஓடலாம், ஆனால் கவனி என்று சோதித்தவர் எழுதும் குறிப்பு. 2018 மே 20க்குப் பிறகு குறைகளை அபாயம், பெரியது, சிறியது என்றும் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் பெயில். சிறியதும் அட்வைசரியும் பாஸ்.

இரண்டு கார்களை வைத்துச் சொல்கிறேன். ஒன்று, நாலு வருடமும் முதல் தடவையே பாஸ். ஆனால் முதல் வருடம் "முன் ரயர் எல்லைக்குக் கிட்டத் தேய்ந்துள்ளது". அடுத்த வருடம் அதோடு "பிரேக் டிஸ்க் தேய்வு". மூன்றாம் வருடம் அதே டிஸ்க், அதோடு பிரேக் பாட். நாலாம் வருடமும் அதே டிஸ்க். மற்றது, ஸ்பிரிங் உடைந்து, ஒரு பல்ப் எரியாமல் பெயிலாகி, அன்று பின்னேரமே திருத்திப் பாஸ். அடுத்த வருடம் ஒரு குறிப்பும் இல்லை. நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்லுவேன். அங்கத்தைய வேகத்தடைகளிலும் குழிகளிலும் சின்னக் காரின் ஸ்பிரிங் உடைவது அதிசயமே இல்லை. முதலாவது காரின் சொந்தக்காரர், சட்டம் கழுத்தில் பிடிக்கும்வரை ஒன்றையும் மாற்றாத ஆள். டிஸ்க்கையே மூன்று சோதனைக்கும் இழுத்தடித்தவர் ஒயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். வேறு ஒரு காரின் பதிவில் "அபாயம்" என்று போட்டு ரயரின் கம்பி வெளியே தெரிகிறது என்று எழுதியிருந்தால், அதன் சொந்தக்காரர் அந்த ரயரில்தான் அன்றுவரை ஓடித் திரிந்திருக்கிறார்.

எல்லாக் குறிப்புக்கும் பயப்படத் தேவையில்லை. "அடியில் கவசத் தட்டு மூடியிருப்பதால் சில பாகங்கள் தெரியவில்லை" என்பது கார் செய்தவன் போட்ட தட்டு, ஒன்றுமில்லை. ரயரில் ஆணி, கண்ணாடித் துடைப்பான், இவற்றையும் விடுங்கள்.

துரு வேறு கதை. குளிர் காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுவார்கள். எங்கள் ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு உப்பின் வேலை தெரியும். பதிவில் துரு மூன்று படியாக வளரும்: முதலில் "மேலோட்டமான துரு", பிறகு "துரு உண்டு, பலம் குறையவில்லை", கடைசியில் "பலம் குறையும் அளவுக்கு அரித்துள்ளது". இரண்டாம் படியில் விற்பனைக்கு வருகிற கார்கள்தான் நிறைய. அடுத்த சோதனையில் வெல்டிங் செலவு வரும் என்று விற்பவருக்குத் தெரியும். பிரேக் பைப், பின் அச்சு, கதவுக்குக் கீழ் ஓடும் பகுதி, இந்த மூன்றிலும் துரு என்று இருந்தால் வேறு கார் பாருங்கள்.

மைலைத் தனியாக ஒரு கடதாசியில் திகதியோடு எழுதுங்கள். வருடத்துக்கு ஆறேழாயிரம் ஏறுவது சாதாரணம். இடையில் ஒரு வருடம் மட்டும் விசித்திரமான இலக்கம் வந்து அடுத்த வருடம் பழைய ஒழுங்குக்கு வந்தால், அடித்தவர் கைதவறியிருப்பார். இறங்கியது இறங்கினபடியே தொடர்ந்தால், மீற்றரில் கைவைத்திருக்கிறார்கள். 2020இல் சோதனை பிந்தியிருந்தால் சந்தேகப்பட வேண்டாம். கொரோனா நேரம் மார்ச் 30 முதல் ஜூலை கடைசி வரை முடியவிருந்த எம்.ஓ.டிகளுக்கு 6 மாதம் தவணை கொடுத்தார்கள். மற்ற வருடத்தில் சோதனை இல்லாத இடைவெளி என்றால் கார் எங்கே நின்றது என்று கேளுங்கள்.

இனி நான் எல்லோருக்கும் சொல்லுகிற வேலை. வாங்க நினைக்கும் கார் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். விளம்பரங்களில் அதே மொடல், அதே வயதுக் கார்கள் பத்தின் இலக்கத்தை எடுத்துப் பத்தின் பதிவையும் வாசியுங்கள். பத்தில் ஏழெட்டில் ஒரே ரப்பர் புஸ்ஸின் தேய்வு, ஒரே துரு வந்தால் அது அந்த மொடலின் வருத்தம். விலையில் கழித்துப் பேசுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் சொந்தக்காரரின் வருத்தம். இதற்கு ஒரு பின்னேரம் போகும். எந்த நிபுணரின் பட்டியலை விடவும் நான் இதை நம்புவேன்.

ஆனால் எம்.ஓ.டி எஞ்சின், கிளச், கியர் பொக்ஸின் நிலையைப் பார்ப்பதில்லை. எஞ்சின் விளக்கு எரிந்தாலோ புகை கூடினாலோ பெயிலாகும், அவ்வளவு ஆழம்தான். ரொயோட்டா அய்கோ, சிட்ரோன் சி1, பேஜோ 107 மூன்றும் செக் நாட்டில் ஒரே தொழிற்சாலையில் செய்தவை; முதல் வந்த மொடல்களின் பெற்றோல் எஞ்சின் இங்கே ஓடும் ரொயோட்டா விட்ஸிலும் பசோவிலும் வரும் அதே மூன்று சிலிண்டர் 1கேஆர். ரைமிங் செயின்தான், பெல்ற் இல்லை. அதை நான் நூறு தரம் கழற்றியிருப்பேன். வோட்டர் பம்ப் ஒழுக்கும், கிளச் தேய்வும் பார்த்தால் போதும். ஃபோர்ட் ஃபியஸ்ராவின் 1.0 இக்கோபூஸ்ற் எஞ்சினில், கொஞ்ச வருடங்களுக்கு முந்தியவற்றில், ரைமிங் பெல்ற் ஒயிலுக்குள்ளேயே ஓடும். ஒயில் மாற்றாமல் விட்டால் அது உதிர்ந்து ஒயில் போகும் சல்லடையை அடைக்கும். எம்.ஓ.டி பதிவில் இதைப் பற்றி ஒரு சொல் இராது. அதற்குச் சேவிஸ் பில் கேளுங்கள்.

போன கிழமை எம்.ஓ.டி செய்து இன்று விளம்பரம் போட்ட காரென்றால், எந்த இடத்தில் செய்தது, விற்பவருக்கு வேண்டிய இடமா என்று பாருங்கள். இடத்தின் பெயர் வருவதற்கு, பதிவுப் புத்தகமான வி-5-சியில் உள்ள, 11 இலக்கங்கள் கொண்ட ஆவண எண் வேண்டும். விற்பவரிடம் கேட்டால் தருவார். தரப் பஞ்சிப்பட்டால் அதுவும் ஒரு தகவல்.

இவ்வளவும் சரி என்றால்தான் காரைப் பார்க்கப் போக வேண்டும். வருமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர் ஸ்டார்ட்டில் கேட்கும் சத்தத்தை யாரோ மறைக்கப் பார்க்கிறார்கள். ஆறும்வரை நின்று, போனைப் பக்கத்தில் பிடித்து எனக்கும் கேட்கச் செய்யுங்கள்.