வெயில் காயும் முற்றத்திற்குத் தானே விதைத்துக்கொள்ளும் நித்தியகல்யாணி

நாள் முழுவதும் வெயில் விழுந்து, காற்று ஓயாமல் அடிக்கும் மணற்பாங்கான முற்றம் உங்களுடையது என்றால், ஆண்டுதோறும் நாற்று வாங்கி நட்டுக் காயவிடுவதைவிட, ஒருமுறை வேரூன்றிய பின் தன் விதையைத் தானே சிந்திப் பெருகும் நித்தியகல்யாணியில் தொடங்குங்கள். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, நம் கடலோர மணலிலும் சுவர் இடுக்கிலும் பூத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வறட்சியைவிடத் தேங்கும் நீரே இதற்குப் பகை என்பதால், மேல்மண் நன்கு காய்ந்த பிறகு மட்டும் நீர் ஊற்றுங்கள்.

இரட்டையாக நிற்கும் மெல்லிய காய்கள் முற்றி வெடித்து, கரிய சிறு விதைகளை உதிர்க்கும்வரை செடியைக் கத்தரிக்காமலும், விதை விழுந்த இடத்தை ஆழமாகக் கொத்திப் புரட்டாமலும் விட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் நாற்றுகள் தாமாகவே தலைகாட்டும். அவை நான்கைந்து இலை விட்டதும், சாண் இடைவெளிக்கு ஒன்றாக நிறுத்தி, மிஞ்சியவற்றை மாலை வேளையில் வேறிடத்தில் நடுங்கள். வாடாமல்லியும் இப்படியே வரும். அதன் காய்ந்த பூவை உள்ளங்கையில் தேய்த்துத் தூவினால் போதும். அந்திமந்தாரையோ விதையால் மட்டுமன்றி, மண்ணுக்குள் பதுங்கும் கிழங்கு வேராலும் கோடையைத் தாண்டும்.

நித்தியகல்யாணி முழுவதும் நச்சுத்தன்மை கொண்டது. ஆடுமாடுகள் இதைப் பெரும்பாலும் மேயாதது வேலியில்லாத தோட்டத்திற்கு நன்மையே. ஆனால், புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டின் இச்செடியிலிருந்து கிடைக்கிறது என்பதற்காக, இலையைப் பறித்துக் கைவைத்தியமாக மெல்லுவது ஆபத்தானது. குழந்தைகளும் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.